நாளைக்கு நான் வரமாட்டேன் டாக்டர்

ஒன்ஸ் மோர் என்றார் அப்பா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, பட்டனை அமுக்கிக்கொண்டு. அவர் அமுக்கினால்தான் இங்கே என் ஹெட்ஃபோனில் கேட்கும், விரலை எடுத்துவிட்டால் ஊமைப்படம், மீசை மட்டும் அசையும், பக்கத்தில் சவுண்ட் இன்ஜினியர் இக்னேஷியஸ் அண்ணன் தலையாட்டுவார், மீன் தொட்டிக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி. சரி, ஒன்ஸ் மோர், எனக்கென்ன, சாயங்காலம் வரைக்கும் நிற்பேன், ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குச் சனிக்கிழமையில் இதைவிட வேறென்ன வேலை. திரையில் அந்த வெள்ளைக்காரப் பெண் மறுபடி சோபாவில் படுத்திருக்கிறாள். நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு ஊர், குதிரை வண்டி, புகைபோக்கி, குளிரில் எல்லோருக்கும் மூக்கு சிவந்திருக்கிறது. மனசுக்கு வந்த நோயைப் பேசவைத்தே தீர்க்கலாம் என்று முதன்முதலில் கிளம்பிய டாக்டர்களின் கதை. நோயாளியைப் படுக்கவைத்து, தலைமாட்டில் அவள் கண்ணில் படாமல் நாற்காலி போட்டுக்கொண்டு, மனசில் வருவதையெல்லாம் வடிகட்டாமல் சொல்லு என்பார் பெரிய டாக்டர். அதுதான் வைத்தியம். ஊசி கிடையாது. தமிழ் வசனம் அப்பா, டப்பிங் டைரக்‌ஷன் அப்பா, பெரிய டாக்டருக்குக் குரலும் அப்பா. சோபாவில் படுத்திருக்கிற பெண்ணுக்கு அம்மா. அம்மா தன் பங்கைப் போன மாதமே பேசி முடித்துவிட்டாள், முடித்த கையோடு அம்பத்தூரில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், போய்விட்டாள் என்றால் பெரிய சூட்கேஸோடு போய்விட்டாள். இப்போது ஒரே ஒரு வரிதான் பாக்கி. படத்தை வாங்கிய கம்பெனியில் தமிழைச் சரிபார்க்கிறவர் பிடித்துவிட்டார்: "முடிந்தால் நாளைக்கு வருகிறேன் டாக்டர்" என்று அப்பா எழுதி அம்மா பேசியிருந்த இடத்தில், மூலத்தில் அந்தப் பெண் அப்படியெல்லாம் சொல்லவில்லையாம், இனி வரவே மாட்டேன் என்கிறாளாம், கதையே அங்கேதான் திரும்புகிறதாம். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிற தயாபரன் சார் எப்படி அதைப்போய் தப்பாக எழுதினார் என்று இக்னேஷியஸ் அண்ணனுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை, ஆனால் என்னை யார் கேட்டார்கள். நாளைக்கு நான் வரமாட்டேன் டாக்டர். இதுதான் புது வரி. அம்மாவைக் கூப்பிட அப்பாவுக்கு வாய் வரவில்லை. நீதான் அம்மா மாதிரியே பேசுவியே அப்பு, ஒரு வரிதானே, என்றார் காலையில், தோசையைத் திருப்பிக்கொண்டே. நான் சரியாகப் பேசிவிட்டால் அம்மா வரவேண்டிய அவசியமே இல்லை. சொதப்பினால் அம்மாவைக் கூப்பிட்டே ஆகவேண்டும், அம்மா வந்தே ஆகவேண்டும், இதே அறை, இதே மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா, அப்புறம் மதியம் ஆகும், பசிக்கும், மூன்று பேரும் பக்கத்து மெஸ்ஸுக்குப் போவோம், ஒருவேளை. அதனால் சொதப்புகிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது. நாளைக்கு நான் வரமாட்டேன் டாக்டர், என்று அம்மா கேஸ் சிலிண்டர்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அப்பா நெற்றியைத் தடவினார்.

சொதப்புவது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒரு கலை. ஒரேயடியாகக் கேவலமாகப் பேசினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், என்னைத் தெரியாதா அவருக்கு, எங்கள் ஸ்கூல் வைஸ் பிரின்சிபால் குரலில் மைக்கில் கடைசி பீரியட் லீவு என்று அறிவித்து முந்நூறு பேரை கேட்டுக்கு ஓடவைத்தவள் நான், அப்பா குரலில் இக்னேஷியஸ் அண்ணனுக்கு ஃபோன் போட்டு மொத்த ஸ்டுடியோவுக்கும் மிளகாய் பஜ்ஜி வரவழைத்தவள், இந்தப் படத்திலேயே ஆஸ்பத்திரி வராந்தாவில் நடமாடுகிற அத்தனை பேரும் நான்தான், நர்ஸ் நான், பேப்பர் விற்கிறவன் நான், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பைத்தியம் நான், ஒரு இடத்தில் குதிரை கனைப்பதும் நான், அதற்கு இக்னேஷியஸ் அண்ணன் எழுந்து நின்று கைகொடுத்தார். அப்படிப்பட்டவளுக்குச் சொந்த அம்மா வரவில்லை என்றால் யார் நம்புவார்கள். ஆகவே ஒரு டேக்கில் முக்கால்வாசி அம்மா, கடைசி வார்த்தையில் மட்டும் மெட்ரோ ரயிலில் அடுத்த நிலையம் சொல்கிற பெண்மணி. இன்னொன்றில் அம்மாவுக்கு லேசாகச் சளி. இன்னொன்றில் எல்லாம் சரி, ஆனால் உதடு அசைந்து முடித்தபின் ஒரு நூலளவு தாமதம். இக்னேஷியஸ் அண்ணன் இழுத்து ஒட்டிவிடலாம் சார் என்று சொல்லியிருப்பார்போல, அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார், அப்பா ஒட்டவிடமாட்டார், அது எனக்குத் தெரியும், அதை நம்பித்தான் அந்த நூலளவு. சிரிப்பு வருகிறது. குனிந்து வசனத் தாளைப் பார்ப்பதுபோல் மறைத்துக்கொள்கிறேன், ஏஸி ஓடிக்கொண்டே இருக்கிறது, இந்த அறையில் எப்போதும் குளிர்தான், சுவரெல்லாம் பஞ்சுத்திண்டு ஒட்டி, வெளியே வடபழனி என்று ஒன்று இருப்பதே தெரியாது, ஒரு ஹார்ன் சத்தம் கிடையாது, கத்தினால் கூடச் சுவர் விழுங்கிவிடும். போன வாரம் கம்பெனி மேனேஜர் வந்திருந்தார், நான் அம்மாவைப் போல் இரண்டு வரி பேசிக் காட்டினேன், மனுஷர் வாயைப் பிளந்துவிட்டார், அப்புறம் என்ன சார், இனிமே மைதிலி மேடம் எதுக்கு, குட்டி மைதிலி ரெடியா இருக்கே, என்றார் அப்பாவிடம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் மேனேஜர் குரலிலேயே திருப்பிச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். வீட்டுக்கு வந்து பல் தேய்க்கும்போதுதான் அந்த வாக்கியம் திரும்பி வந்தது, இனிமே மைதிலி மேடம் எதுக்கு. நான் ஒரு டேக் சரியாகப் பேசினால் போதும், அம்மா இல்லாமலும் வேலை நடக்கும் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். ஒரு டேக். அப்புறம் அடுத்த படத்துக்கு, அதற்கடுத்த படத்துக்கு, அப்புறம் வீட்டில் ஏங்க தண்ணி வந்துருச்சு மோட்டார் போடுங்க என்பதற்கும் நானே. ஒன்ஸ் மோர்.

பெரிய டாக்டருக்குப் படத்தில் அதிகம் வசனம் கிடையாது, ம்ம் என்பார், முக்கால்வாசி படம் ம்ம் தான். அந்தப் பெண் அழுதாலும் ம்ம், கனவைச் சொன்னாலும் ம்ம், நேற்று நான் உங்களை வெறுத்தேன் என்றாலும் ம்ம். அப்பா ஒவ்வொரு ம்ம்-ஐயும் வேறு வேறாகப் பேசினார், கேட்டுக்கொண்டிருக்கிறேன் ம்ம், மேலே சொல் ம்ம், இதை நான் எதிர்பார்த்தேன் ம்ம், ஒரு நாள் முழுக்க ஒரு மனுஷர் அறைக்குள் நின்று ம்ம் ம்ம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நான் வெளியே வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டில் அப்படி ஒரு ம்ம் கூடக் கிடையாது. வீட்டில் அவர் டாக்டர் இல்லை, வீட்டிலும் டப்பிங் டைரக்டர்தான். அம்மா ஏதாவது சொன்னால் அவர் காது சொல்கிற விதத்துக்குப் போய்விடும். பாவம், வேண்டுமென்று செய்யமாட்டார், பாட்டு வாத்தியாருக்குச் சுருதி விலகினால் பல் கூசுமே அந்த மாதிரி. அம்மா ஒருநாள் அடுப்படியில் நின்று, எனக்கு இங்க மூச்சு முட்டுது, நான் பேசறதே உங்களுக்குக் கேக்கலை, என்று சொன்னாள். அப்பா குழம்புச் சாதத்தைப் பிசைந்துகொண்டே, கேட்குது மைதிலி, கடைசி வார்த்தைதான் கொஞ்சம் கீழே விழுது, என்றார். சத்தியமாகச் சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அப்புறம் இரண்டு பேரையும் அப்படியே செய்து காட்டினேன், அப்பா சிரித்தார், அம்மாவும் சிரித்தாள், நான் அந்த வாரம் முழுக்க ஸ்கூலில் அதை ஓட்டினேன். என்ன சொல்றேன்னு கேளுங்க, எப்படிச் சொல்றேன்னு கேக்காதீங்க. இது இன்னொரு நாள். இதை அம்மா கத்திச் சொல்லவில்லை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள், அப்பா அதற்கும் ஏதோ திருத்தம் சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டார். என்ன திருத்தம் என்று எனக்குத் தெரியும். 'எப்படி'யில் அழுத்தம் போதவில்லை. எனக்கே தோன்றியது. அதுதான் பயமாக இருக்கிறது, எனக்கே தோன்றியது.

பாப் ஃபில்டரில் அதிமதுர வாசனை. மைக்குக்கு முன்னால் வட்டமாக ஒரு கறுப்பு வலை இருக்கும், பேசும்போது காற்று நேராக மைக்கில் அடிக்காமல் இருக்க, எத்தனையோ பேர் வாய் அதில் பட்டிருக்கும், ஆனால் மூக்கை ஒட்டி வைத்தால் எனக்கு அம்மாதான் வருகிறாள். அம்மா ஒரு துண்டு அதிமதுரத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் பேசுவாள், டேக் போகும்போது நாக்கால் ஓரமாகத் தள்ளிக்கொள்வாள், அந்தத் தள்ளலில் ஒரு சின்ன சத்தம் வரும், இக்னேஷியஸ் அண்ணன் பிறகு அதைத் துடைத்துவிடுவார். போன மாதம் அம்மா இதே இடத்தில் நின்று அழுதாள். படத்தில் அந்தப் பெண் அழுகிற காட்சி. நான் ஓரத்தில் நர்ஸாகப் போவதற்குக் காத்திருந்தேன். அம்மாவின் தொழில் அழுகை எனக்கு மனப்பாடம், அது மூக்கிலிருந்து வரும், நடுவில் வசனம் போக வழி விட்டுவிட்டு வரும், கேட்கிறவனுக்கு நெஞ்சு அடைக்கும், அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது, முடிந்ததும் மோர் கேட்பாள். அன்று வந்தது அது இல்லை. அன்று வந்ததற்குச் சத்தமே கிடையாது, வெறும் காற்று, நாலு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டுதான் வந்தது, மீதி எங்கோ போய்விட்டது. அப்பா பட்டனை அமுக்கி, ரொம்ப நல்லா வந்துது மைதிலி, ஆனா வசனம் முழுங்கிடுச்சு, மூச்சு பிசிறுது, ஒன்ஸ் மோர், என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரிங்க, என்றாள். அடுத்த டேக்கில் மூக்கிலிருந்து அழுதாள். ஓகே, பிரமாதம், என்றார் அப்பா. படத்தில் அந்த டேக்தான் இருக்கிறது. முந்தையதை என்ன செய்தீர்கள் என்று பிறகு இக்னேஷியஸ் அண்ணனைக் கேட்டேன், அது வேஸ்ட்டும்மா, அழிச்சாச்சு, என்றார். வடிகட்டாமல் சொல்லு, வடிகட்டாமல் சொல்லு என்று அந்த டாக்டர் கெஞ்சுகிறாரே, வடிகட்டாமல் சொன்னால் வேஸ்ட் டாக்டர், வசனம் முழுங்கிடும். என்ன அப்பு யோசிக்கிறே, என்றது ஹெட்ஃபோன். ஒண்ணுமில்லப்பா, தண்ணி. நாளைக்கு நான் வரமாட்டேன் டாக்டர். இந்தத் தடவை அம்மாவின் வயதைக் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். அப்பா பட்டனை அமுக்கவில்லை. அந்தப் பக்கம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். இக்னேஷியஸ் அண்ணன் ஏதோ சொன்னார், ஃபோனைக் கையில் எடுத்துக் காட்டினார். அப்பா கூரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சரி என்று தலையை ஆட்டினார்.

வருகிறாள். கூப்பிடுகிறார்கள், ஜெயித்துவிட்டேன், அம்பத்தூரிலிருந்து ஆட்டோவில் வந்தால் மெஸ் மூடுவதற்குள் வந்துவிடலாம், கிழங்கு வறுவல் இன்றைக்கு உண்டா, அம்மாவுக்குப் பிடிக்கும், அப்பா தன் தட்டிலிருந்து தள்ளுவார், பழைய பழக்கம்தானே, கை தானாகப் போகும். அண்ணன் ஃபோனை ஸ்பீக்கர் பக்கம் காட்டி ஒவ்வொரு டேக்காகப் போடுவது தெரிந்தது. எது தேறும் என்று அம்மாவையே கேட்கிறார்கள் போலிருக்கிறது, எதுவும் தேறாது, நான் கியாரண்டி. அப்பா ஃபோன் பக்கம் திரும்பவில்லை, திரையில் உறைந்துபோய் நிற்கிற பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கனமான கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. அம்மா உன்கிட்டதான் பேசணுமாம், என்று அண்ணன் ஃபோனைக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். அப்பு சாப்பிட்டியா, என்றாள் அம்மா. பின்னால் பெரியம்மா வீட்டுக் குக்கர். இன்னும் இல்லை என்றேன். வேணும்னே பண்றியா, என்றாள். இல்லம்மா, தொண்டை கட்டியிருக்கு, என்றேன், தொண்டை கட்டின குரலிலேயே. உனக்கு நெஜமா கட்டினா சைகைதான் காட்டுவே, என்று சிரித்தாள். சளி பிடிச்ச டேக் ஒண்ணு வச்சிருந்தியே, நல்லா இருந்துதுடி, நான் அப்படியா மூக்கை உறிஞ்சுவேன். ரெண்டு தடவை உறிஞ்சுவே, நான் ஒண்ணோட விட்டுட்டேன், என்றேன். அவள் இன்னும் சிரித்தாள், நானும், ஒரு நிமிஷம் எல்லாமே சரியாகிவிட்ட மாதிரி இருந்தது, அதே சூட்டில் கேட்டுவிட்டேன்.

"நீயே வாம்மா. ஒரு வரிதானே. வந்து பேசிட்டுப் போயிடேன்."

"நான் வரமாட்டேன் அப்பு."

அவ்வளவுதான். எப்படிச் சொன்னாள் என்றால், வாசலில் பூக்காரம்மாவிடம் இன்னிக்குப் பூ வேண்டாம் என்பதுபோல. கோபமில்லை. அழுகை இல்லை. கொஞ்சம் பிரியம் கூட இருந்தது. எல்லா டேக்கிலும் அப்பா என்னைக் கனமாகப் பேசச் சொல்லிக்கொண்டிருந்தார், உடைஞ்சு போய் சொல்லணும் அப்பு, நெஞ்சிலேர்ந்து வரணும் என்று, நானும் அந்தக் கனத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை நேரம் விளையாடினேன். அதில் கனமே கிடையாது. ஒரு பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறிக்கொள்கிறவள் பேசுவதுபோல இருந்தது. முடிவெடுத்து ரொம்ப நாளாகிவிட்ட குரல். இந்த வீடு இந்த அறை இந்த மெஸ் எல்லாவற்றையும் தாண்டி எங்கோ போய், அங்கிருந்து திரும்பி, சாப்பிட்டியா என்று கேட்கிற குரல். நீ பேசிடுடா, அப்பா பாவம், படத்தை டெலிவரி கொடுக்கணுமில்ல, நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, இங்க வா, என்றாள், வைத்துவிட்டாள். நான் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அழுதிருக்கவேண்டும். ஆனால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா, நான் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வரமாட்டேன் அப்பு. 'நான்' சின்னது. 'மா'வில் உதடு ஒட்டுகிற இடத்தில் ஒரு துளி ஓய்வு. கடைசியில் மேலே போகவில்லை, கீழேயும் விழவில்லை, சமமாக நின்றது. என் தொண்டை யாரையும் கேட்காமல் அதை எடுத்து வைத்துக்கொண்டுவிட்டது, அம்மா என்னை விட்டுப்போன அதே நிமிஷத்தில், திருடி மாதிரி. நான் அப்பா பெண். கேட்பதெல்லாம் எப்படி, எப்படி, எப்படி. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். எந்த டேக் ஓகேன்னு சொன்னா, என்று கேட்டார் அப்பா. எதுவும் இல்லப்பா, என்றேன். வர்றாளா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே, சரி, கடைசியா ஒண்ணு பாப்போம், முடியலேன்னா விட்டுடலாம் அப்பு, என்றார், முடியலேன்னா விட்டுடலாம் என்று அப்பா எந்தப் படத்துக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னும் ஒரு தரம் சொதப்பலாம். சொதப்பி என்ன ஆகப்போகிறது. அம்மா வரப்போவதில்லை, நான் மெட்ரோ ரயிலாகவும் சிலிண்டராகவும் சாயங்காலம் வரை நின்றாலும் வரப்போவதில்லை, அப்பா இங்கேயே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், டெலிவரி போகாது, கம்பெனி வேறு ஆளைப் பார்க்கும், அவரிடம் இருப்பது இந்த அறை ஒன்றுதான். பேசினால்? பேசினால் அவரிடம் அம்மா சொல்லிவிட்டதாக ஆகிவிடும். அம்மா இதுவரை அவரிடம் நேராகச் சொல்லவில்லை, அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேங்க என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள், முடிந்தால் வருகிறேன் டாக்டர் என்கிற மாதிரி, அப்பாவும் அதை நம்பித்தான் அம்மாவின் தலையணை உறையை வாராவாரம் தோய்க்கப் போடுகிறார். நான்தான் சொல்லப்போகிறேன். வேறு யாரும் இல்லை சொல்ல. திரையில் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள், காலணியை மாட்டிக்கொண்டாள், டாக்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு விளக்கு. வலையில் மூக்கை ஒட்டினேன், அதிமதுரம். உடைந்து போகவில்லை, நெஞ்சிலிருந்து வரவில்லை. பூக்காரம்மாவிடம் சொல்வதுபோல, பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"நாளைக்கு நான் வரமாட்டேன் டாக்டர்."

உதட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, எனக்கே தெரிந்தது. இக்னேஷியஸ் அண்ணனின் கை பழக்கதோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தி, பாதியில் நின்றது. அப்பாவிடமிருந்து ஓகே வரவில்லை. ஒன்ஸ் மோரும் வரவில்லை. அவர் முன்னால் சாய்ந்து, முகத்தை ஏறக்குறைய கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, என் பக்கம் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பட்டன் அமுங்குகிற கிளிக் என் காதில் கேட்டது.

"ஏன் மைதிலி?"

டாக்டர் குரல் இல்லை. டைரக்டர் குரலும் இல்லை. இந்தக் குரலை நான் முன்னே கேட்டதே இல்லை, எத்தனை குரல் எடுத்திருக்கிறேன் அவரிடமிருந்து, இது என் கணக்கில் இல்லை. அம்மா என்ன சொன்னாள் என்பது அவருக்குக் கேட்டுவிட்டது. முதல் தடவையாகக் கேட்டுவிட்டது, அவள் அம்பத்தூரில் குக்கரை இறக்கிக்கொண்டிருக்கும்போது. அம்மாவின் குரல் இன்னும் என் தொண்டையிலேயே இருந்தது, சூடாக, ஒரு வார்த்தை போதும், உங்களுக்குக் கேட்கவே இல்லீங்க என்று சொல்லலாம், சும்மா சொன்னேங்க வரேன் என்று கூடச் சொல்லலாம், நம்பிவிடுவார், இந்த ஒரு நிமிஷம் அவர் எதையும் நம்புவார், என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வேலை எனக்கு வாய்க்காது. பாட்டிலை எடுத்தேன். தண்ணீர் குடித்தேன், நிறையக் குடித்தேன், கழுத்தெல்லாம் வழிந்தது.

"அப்பா, நான் அப்பு" என்றேன்.

"தெரியும்டா" என்றார். "தெரியும்." விரலை எடுக்கவில்லை. இக்னேஷியஸ் அண்ணன் எழுந்து, டீ சொல்லிவிட்டு வருவதாகக் கையைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அப்பாவின் மூச்சு ஹெட்ஃபோனில் வந்துகொண்டே இருந்தது, வார்த்தையை முழுங்கி, முழுங்கி, பிசிறிக்கொண்டு. நான் எதையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன்.